தராசு சொன்ன நம்பர்

அந்த வெள்ளிக்கிழமை காலை மமதாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆபீஸ் லேபில் பெட்டி பிரித்துப் பிளாஸ்டிக் வாசனைகூடப் போகாத மூன்று புதுக் கம்ப்யூட்டர்கள் அவளுடைய லேப்டாப்பிடம் தோற்றுப்போயிருந்தன. அதுவும் எப்பேர்ப்பட்ட லேப்டாப்! மூடியைத் திறந்தால் தலையாட்டும், சார்ஜர் வயரில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும், கம்பெனியில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் அடித்து ஓய்ந்த சாமான். அது ஜெயித்துவிட்டது. புதுசுகள் அதில் பாதி நம்பர்கூட வாங்கவில்லை.

நம்பர் சொன்னது அவள் எழுதிய கருவி. பெயர் தராசு. படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் அந்த ஒரு வார்த்தையைத் தட்டினால் போதும். மெஷினுக்குக் கணக்குக் கொடுக்கும், பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கச் சொல்லும், மூட்டை மூட்டையாகத் தகவலை இங்கிருந்து அங்கே தூக்கிவைக்கச் சொல்லும். கொடுத்த நேரத்தில் எவ்வளவு வேலை முடிந்தது என்று பார்த்து ஒரே ஒரு நம்பரை நீட்டும். விண்டோஸா, லினக்ஸா, மேக்கா என்று தராசு பார்க்காது. எல்லோருக்கும் ஒரே பரீட்சை. நம்பர் பெரிதானால் மெஷின் கெட்டிக்காரன், சின்னதானால் சோம்பேறி. அவ்வளவுதான் விஷயம்.

தொம்மலூரில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான். எடுத்தது என்றால் முழுசாக எடுக்கவில்லை, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருக்கச் சொல்லி எடுத்தது. புரொபேஷன். ஊரெல்லாம் ஸ்கேன் சென்டர் நடத்தும் ஒரு நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை மாற்றப்போகிறது. எதைத் தூக்கிப் போடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நம்பகமான ஒரு அளவுகோல் வேண்டும் என்று கேட்டிருந்தது. அவர்கள் வரப்போவது திங்கட்கிழமை. தராசு அவர்களுக்குப் பிடித்தால் மமதா நிரந்தரம். பிடிக்காவிட்டால் என்ன என்பதையும் மேனேஜர் ராம்கி சொல்லிவிட்டார். "வேற நல்ல எடமா பாத்துக்கோம்மா, நானே ரெஃபர் பண்றேன்." அவர் அதை அன்போடுதான் சொன்னார். அன்போடு சொன்னதால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மர்பி டவுனில் அவள் வீட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள். தெருவில் பாதிப் பேர் அவளைக் 'கம்ப்யூட்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பட்டம் கொடுத்த வாய் அதைத் திருப்பி வாங்கும்போது எப்படி வாங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே நம்பர். மெஷினை அணைத்துப் போட்டு ஓட்டினாள். அதே நம்பர். பக்கத்து மேஜை டொமினிக்கிடம் போனாள். அவன் ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டு மறு கையால் பொரி கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"டொமினிக், நான் இல்லாதப்ப லேப்ல யாராச்சும் எதையாச்சும் மாத்தினாங்களா?"

"யாரு மாத்தப் போறா? ஒண்ணும் இல்ல. ஆயுத பூஜை போட்டோம், அவ்ளோதான். நீதான் வரல. கடலேபுரி வேணுமா? பை பையா மிச்சம் இருக்கு."

பூஜை அன்றைக்கு மமதா தன் லேப்டாப்போடு வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தம். வீட்டில் இந்தப் பூஜை வழக்கம் கிடையாது. ஆபீசில் யாரும் அவளை வா என்று இழுக்கவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. எல்லோரும் கும்பிடும்போது நாம் மட்டும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்கிற சங்கடம் எதற்கு என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். அதனால் பூஜை என்ற வார்த்தை காதில் விழுந்ததும், அது நமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் என்று மனசு கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு கைப்பிடி பொரியை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்துவிட்டாள். பெண் கோட்டை விட்டது இங்கேதான்.

லேப் மெஷின்களின் செட்டிங்கைத் திறந்து பார்க்கலாம் என்றால், கோவிந்தப்பாவின் பாஸ்வேர்டு கேட்டது. கோவிந்தப்பாதான் லேபுக்குப் பொறுப்பு. அவர் அனுமதியில்லாமல் அங்கே ஒரு மவுஸ்கூட இடம் மாறாது. அவரோ லீவில், கிருஷ்ணகிரிப் பக்கம் மாமியார் வீட்டில் இருந்தார். போன் போட்டால் பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"அண்ணா, லேப் மெஷின்ல ஏதாச்சும் செட்டிங் மாத்தினீங்களா?"

"செட்டிங்கா? சே சே! டெமோ இருக்கறப்ப நான் எதுக்கும்மா அதுல கைய வெக்கறேன்? ஒண்ணும் மாத்தல. எல்லாம் ஜம்முனு இருக்குது. திங்கக்கெழம காலையில வந்துடுவேன். நீ சும்னே தலைய ஒடச்சிக்காத."

தலையை உடைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? ஒரு மெஷின் மந்தமாக இருந்தால் மெஷின்மேல் பழி போடலாம். இங்கே ஒன்று விண்டோஸ், ஒன்று லினக்ஸ், ஒன்று மேக். மூன்றும் வேறு வேறு ஜாதகம். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் ஒரே நோய் வருமா? அப்படியானால் மூன்றுக்கும் பொதுவாக இருப்பது எது? தராசு. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே தராசு. யோசிக்க யோசிக்கக் கை தன்னை நோக்கியே நீண்டது. ஒரு மெஷினின் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். இத்தனை தரம் ஓடிய பிறகு சூடாக இருக்க வேண்டிய சாமான் மோர்ப்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. நல்ல ஃபேன் போட்டிருக்கிறான் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். குழம்பிப்போன மனசுக்குச் சமாதானம் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

சாயங்காலம் ராம்கி அவள் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கும் முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னம்மா இது? புது மெஷின் பழசவிட ரெட்டிப்பு வேகம்னு ஊரே சொல்றது. உன் தராசு மட்டும் இல்லேங்கறது. ஊரு தப்பா, உன் தராசு தப்பா?"

"தெரியல சார்."

"தெரியலன்னு ஸ்கேன் சென்டர் ஜெயலக்ஷ்மி மேடத்துகிட்ட சொல்ல முடியாது. பாரு, புது சிப்புல நேரத்த எண்றது வேற மாதிரி இருக்கலாம். அதுக்குன்னு ஒரு கரெக்ஷன் போட்டுடு. எல்லாரும் பண்றதுதான்."

"காரணம் தெரியாம எப்படி சார் போடறது?"

"காரணத்தச் செவ்வாக்கெழம கண்டுபிடி. இப்போதைக்கு நம்பர் சரியா வரணும்."

சனிக்கிழமை முழுக்க அவள் காரணம் தேடினாள். தான் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். எல்லாமே சரியாக இருந்த மாதிரியும் இருந்தது, எல்லாமே தப்பாக இருந்த மாதிரியும் இருந்தது. தன் லேப்டாப்பில் ஓட்டினால் நியாயமான நம்பர். லேபில் ஓட்டினால் அநியாயம். நேரத்தை எண்ணும் பகுதியைக் கழற்றி வேறு விதமாக எழுதி மாட்டினாள். அதே அநியாயம். டொமினிக்குக்குப் போன் பண்ணி மறுபடி கேட்டாள்; மறுபடியும் அவன் ஒன்றுமே நடக்கவில்லை என்று சத்தியம் பண்ணினான். இத்தனை பேர் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, நேற்று வந்த தான் எழுதிய ஒரு கறுப்புத் திரை மட்டும் ஏதோ இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளில்லாத ஆபீசில் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தாள். ஒரே வரி. புது சிப் என்றால் வந்த நம்பரை நாலால் பெருக்கு. தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற கடைக்காரனின் வேலை அது, அவளுக்கு அது தெரியாமலும் இல்லை. ஓட்டிப் பார்த்தாள். புது மெஷின் பழசைப்போல் கிட்டத்தட்ட ரெட்டிப்பு வந்தது. ஊர் சொன்ன நம்பர். வீட்டுக்குப் போய்த் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டாள்.

திங்கட்கிழமை ஜெயலக்ஷ்மி வந்தார். ஐம்பது வயசு, காட்டன் புடவை, தன் லேப்டாப்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மீட்டிங் ரூம், அந்தப் பக்கம் லேப். லேப் மெஷின்களின் திரை மீட்டிங் ரூம் சுவரில் தெரிகிற மாதிரி டொமினிக் இணைத்து வைத்திருந்தான். பெரிய பேச்செல்லாம் வேண்டாம், ஓட்டிக் காட்டுங்கள் என்றார் ஜெயலக்ஷ்மி. மமதா முதலில் அவருடைய லேப்டாப்பில் ஓட்டினாள். "ஓ, என்னோடது இவ்ளோதானா?" என்று சிரித்தார். பிறகு லேபில் இருந்த விண்டோஸ் மெஷின். நேற்றைய அதே நம்பர் வந்தது. ராம்கி காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தார்.

"நன்னாருக்கு. இன்னொரு வாட்டி ஓட்டும்மா. மாறாம அதே வரதான்னு பாக்கலாம்" என்றார் ஜெயலக்ஷ்மி.

மமதா தட்டினாள். இந்தத் தடவை வந்த நம்பர் முன்னதைப் போல் ஐந்து மடங்கு.

 மமதா திரைக்குப் பக்கத்தில் போனாள். நம்பரைப் படித்தாள், இலக்கங்களை விரலால் எண்ணினாள். தப்பில்லை. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பிரம்மாண்டம்.

"ஒருவேள இப்பதான் வார்ம் அப் ஆயிருக்கும் மேடம்" என்றார் ராம்கி. குரல் அவருக்கே நம்பிக்கை கொடுக்கவில்லை.

"என்ன ராம்கி, ஸ்கூட்டரா வார்ம் அப் ஆகறதுக்கு? அஞ்சு நிமிஷத்துல அஞ்சு மடங்கு புத்திசாலி ஆயிடுமா? என் பையனே இப்படி ஆகல." ஜெயலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதுல எதும்மா நிஜம்?"

மமதா கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கோவிந்தப்பா நின்றுகொண்டிருந்தார். ஊரிலிருந்து நேராக வந்திருக்கிறார். நெற்றியில் விபூதி, காலடியில் சீத்தாப்பழப் பை. ஒரு மெஷினின் பக்கவாட்டில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், கீபோர்டில் என்னவோ தட்டினார். பிறகு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். மமதா எழுந்து ஓடினாள். ராம்கி பின்னாலேயே வந்தார். ஜெயலக்ஷ்மியும் வந்து வாசலில் நின்றார்.

"அண்ணா, இப்ப என்ன பண்ணீங்க?"

"எழுப்பினேம்மா."

"எழுப்பினீங்களா? எதை?"

"இதுங்களத்தான். ஆயுத பூஜை அன்னிக்கு வேலை செய்யற சாமானுக்கு ரெஸ்ட் குடுக்கணும் இல்ல? ஆஃப் பண்லாம்னா, டெஸ்ட் ஓடிட்டு இருக்குது, ஆஃப் பண்ணாதன்னு சாரே சொல்லிட்டாரு. சரி, முழுசா தூங்க முடியலன்னா சும்மா கண்ண மூடிக்கட்டும்னு எல்லாத்தையும் கம்மி பவர்ல போட்டு வெச்சேன். விஜயதசமி அன்னிக்கு எழுப்பியிருக்கணும். மாமியார் வீட்டுக்குப் போயிட்டேனா, அதான் இன்னிக்கு. ஏன், என்ன ஆச்சு?"

"நான் போன்ல கேட்டேனேண்ணா! செட்டிங் மாத்தினீங்களான்னு கேட்டேனே!"

கோவிந்தப்பா உண்மையாகவே திகைத்துப்போனார். "அது செட்டிங் இல்லம்மா. அது பூஜை."

வாசலில் வந்து நின்ற டொமினிக் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, ஆமா! நாங்க எல்லாரும் பக்கத்துலதானே நின்னோம். கோவிந்தப்பாண்ணன் ஒண்ணொண்ணா தட்டித் தூங்க வெச்சாரு, நாங்க தேங்கா ஒடச்சோம். அது எல்லாருக்கும் தெரியுமே மமதா."

எல்லாருக்கும் தெரியும். வந்தது ஆத்திரமா அழுகையா என்று மமதாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பூஜையில் நிற்காத ஒரே ஆள் அவள், பூஜையில் நிற்காத ஒரே மெஷின் அவளுடைய லேப்டாப். இந்த ஆபீசில் இத்தனை பேர் வாயில் இருந்த விஷயம் அவளிடம் மட்டும் வந்து சேரவில்லை. அவளும்தான், பூஜையில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராம்கி சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "பாத்தேளா மேடம், மெஷின்லதான் பிரச்சினை. எங்க டூல்ல ஒண்ணும் இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் அவள் வேலைக்குப் பங்கமில்லை. ஆனால் மமதாவுக்கு அந்த ஒரு வரியை மறைத்துவைக்க மனசு வரவில்லை.

"இல்ல மேடம். டூல்லயும் இருக்கு. நம்பர் கம்மியா வருதேன்னு நேத்து நான்தான் நாலால பெருக்கச் சொல்லி ஒரு வரி போட்டேன். அதனாலதான் இப்ப இவ்ளோ வருது. மொதல்ல வந்ததும் பொய், இப்ப வர்றதும் பொய்."

ராம்கி கண்ணை மூடிக்கொண்டார். ஜெயலக்ஷ்மி மட்டும் நகராமல் நின்றார்.

"அந்த வரிய எடுத்துட்டு ஓட்டு."

எடுத்தாள். ஓட்டினாள். விழித்திருந்த மெஷின், எந்தப் பெருக்கலும் இல்லாமல், பழசைவிட இரண்டரை மடங்கு என்று நேர்மையாக ஒரு நம்பர் வந்தது. மிச்ச மெஷின்களையும் கோவிந்தப்பா எழுப்பிவிட, லினக்ஸிலும் ஓட்டினாள், மேக்கிலும் ஓட்டினாள். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி நின்றன.

"அப்போ, இவர் எழுப்பறதுக்கு முன்னாடி, நீ கை வெக்காத தராசு என்ன சொல்லிண்டிருந்தது?"

"மெஷினுங்க கால்வாசி வேலைகூடச் செய்யலன்னு சொல்லிச்சு மேடம்."

"அது நிஜம்தானே?"

மமதா நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை இத்தனை நாளில் யாருமே கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. "நிஜம்தான் மேடம்" என்றாள்.

"எனக்கு அதான் வேணும். நாளைக்கு எங்க சென்டர்லேர்ந்து ஒருத்தன் வந்து, என் மெஷின் நன்னாதான் இருக்கு, உங்க நம்பர்தான் தப்புன்னு குதிப்பான். கட்டாயம் குதிப்பான். அன்னிக்கும் ஒரு வரி போட்டுக் குடுத்துடுவியா?"

"மாட்டேன்."

"எத வெச்சு நம்பறது?"

 "அந்த வரி போட்டதுலேந்து எனக்குச் சோறு எறங்கல மேடம்" என்றாள்.

 ஜெயலக்ஷ்மி தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு மீட்டிங் ரூமுக்குத் திரும்பினார். "பழைய தராசையே குடுங்கோ ராம்கி. யாரும் அதுல கை வெக்கக் கூடாது. இவளும் சேத்துத்தான்."

அவர் கிளம்பிப் போனதும் ராம்கி ஓடிவந்து மமதாவிடம் கை குலுக்கினார். இன்றையிலிருந்து நீ பர்மனென்ட் என்றார், நடுவில் நடந்ததெல்லாம் ஒரு கன்ஃப்யூஷன், மறந்துடு என்றார். டொமினிக் கைதட்டினான். இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை மாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது. சந்தோஷம் எங்கே என்று தேடினாள், அகப்படவில்லை. தாங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு லேபுக்குள் போய், மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

கோவிந்தப்பா பதறிப்போய் ஒரு காபியோடு வந்தார்.

"என்னாலதானேம்மா? நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். வேணும்னு பண்லம்மா, சத்தியமா."

"உங்கள ஒண்ணும் சொல்லலண்ணா."

"அப்புறம் எதுக்கு அழற? வேலதான் கெடச்சிடுச்சே!"

மமதா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. "மொத நாள்லேந்து அது சரியாத்தான் சொல்லிச்சுண்ணா. எல்லாரும் இல்லன்னாங்க. அதுக்குன்னு பேச நான் ஒருத்திதான் இருந்தேன். நானும் அவங்களோட சேந்துக்கிட்டு அதோட வாயப் பொத்திட்டேன்."

கோவிந்தப்பாவுக்குப் புரியவில்லை. "எது? யாரச் சொல்ற?" என்று கேட்டார். அவள் திரையைக் காட்டினாள். கறுப்புத் திரையில் கடைசியாக வந்த நம்பர் அப்படியே நின்றிருந்தது.

"அட, இதுவா!" அவருக்கு அப்பாடா என்றிருந்தது. "இதுக்கா இவ்ளோ அழுகை? அது புரோகிராம்மா. நீ வாயப் பொத்தினதெல்லாம் அதுக்கு எங்க தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேண்ணா" என்றாள் மமதா.

கோவிந்தப்பா காபியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.